வரைபடத்தில் இல்லாத லில்லி

மகனுக்கு,

அன்புள்ள என்று தொடங்க இந்த வாரம் எனக்கு மனம் வரவில்லை. அன்பு எங்கும் போய்விடவில்லை. ஆனால் அதை முதல் வரியில் வைத்தால் நீ அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு மீதியை மடித்துப் பையில் போட்டுக்கொள்வாய். உன்னை எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரமாவது ஆகும். ஆகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நான் பேச ஆரம்பித்ததும் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். ஔந்தில் உன் வீட்டுக்குப் போகிற வழியில் ட்ராஃபிக் ஆகிவிடும் என்றாய். கோபத்தோடு ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது ட்ராஃபிக்கை நினைக்க முடிகிற பிள்ளையை நான்தான் வளர்த்திருக்கிறேன்.

இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்கும் அஞ்சலைக்கும் கல்யாணம். நம் வீட்டு வழக்கப்படி பித்தளைத் தட்டில் அரிசியைப் பரப்பிக் கொண்டுவருவார்கள். நீ மோதிரத்தைக் கழற்றி, அதன் விளிம்பால் அரிசியில் ஒரு பெயர் எழுதுவாய். அதன் பிறகு அஞ்சலைக்கு அஞ்சலை என்ற பெயர் கிடையாது. உன் புஷ்பா அத்தை மைக்கில் புதுப்பெயரை அறிவிப்பாள், எல்லோருக்கும் பேடா கொடுப்பார்கள். விண்மீன் என்ற அர்த்தத்தில் தாரா என்று நீயே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாய். பெயரை மாற்ற வேண்டாம் என்று அந்தப் பெண் உன்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையும் நீ சிரித்திருக்கிறாய். இது எனக்குத் தெரியவந்து, ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கேட்டபோது நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அரே மம்மி, ஸ்டாருக்கெல்லாம் எத்தினி வாட்டி பேரு மாத்திகீறாங்க தெரியுமா? ஸ்டார் அங்கயேதானே கீது? பத்து நிமிஷ ஃபங்ஷன், போட்டோ நல்லா வரும்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அத்தை அழுவாள் என்று சொல்லியிருந்தால்கூட, கோழை என்று மனதுக்குள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். நீ விண்மீன்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டாய். அதுவும் என்னிடம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பரில், உன் விண்மீன் பார்க்கும் குழுவோடு என்னையும் பைக்கில் உட்காரவைத்து ஊருக்கு வெளியே முல்ஷிப் பக்கம் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனாய். இரவு எட்டு மணி இருக்கும். முப்பது பேர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீ பச்சை லேசரைப் பிடித்துக்கொண்டு பாதி மராத்தியும் பாதி ஆங்கிலமுமாகப் பேசினாய். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முந்நூறு நானூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் விண்மீன் வரைபடம் போட்டவர்கள், ஆளுக்கு ஆள் தங்களுக்குத் தோன்றிய உருவங்களை வானத்தில் வரைந்துகொண்டிருந்தார்கள் என்றாய். ஜெர்மனியில் ஒருவர் தன் நாட்டு ஆட்சியாளரின் செங்கோலை வரைந்தார். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் பூனைப் பிரியர், சிங்கமும் நாயும் இருக்கிற வானத்தில் பூனை இல்லையே என்று ஒன்றை வரைந்து சேர்த்தார். பிறகு, ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன், உலக வானியலாளர்கள் கூடி எண்பத்தெட்டு உருவங்கள் போதும் என்று முடிவு கட்டினார்கள். பூனையும் போயிற்று, செங்கோலும் போயிற்று. ஆனால் சமீபத்தில் விண்மீன்களுக்கு முறையாகப் பெயர் சூட்டியபோது, அந்தப் பூனைக்குள் இருந்த ஒன்றுக்கு லத்தீனில் பூனை என்றே பெயர் வைத்தார்கள். செங்கோலில் இருந்த ஒன்றுக்குச் செங்கோல். உருவத்தை அழித்துவிட்டார்கள், பெயர் மட்டும் மாட்டிக்கொண்டது என்று நீ சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் லேசரை உச்சிக்குக் கொண்டுபோய், மேஷத்தில் மூன்று மங்கலான விண்மீன்களைக் காட்டினாய். சின்ன முக்கோணம். ஒருவர் அதைத் தேனீ என்றாராம், இன்னொருவர் குளவி என்றாராம். பிரான்சில் ஒருவர் தன் அரசரின் மனதைக் குளிர்விக்க, அரச சின்னமான லில்லிப் பூவை அங்கே வரைந்தாராம். அதற்கும் பின்னால் வந்தவர் அதை ஈ ஆக்கிவிட்டாராம். லில்லி இப்போது எந்த வரைபடத்திலும் இல்லை, ஆனால் மூன்றில் ஒன்றுக்கு இன்றும் லில்லியின் வடக்கு விண்மீன் என்றுதான் பெயர் என்றாய். அதன் பக்கத்தில் கொஞ்சம் பிரகாசமாக இருப்பது பரணி என்று சொல்லிவிட்டு, அடுத்ததற்குப் போய்விட்டாய். நான் ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரை உன் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது என் பெயர் என்பது உனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒன்பது வயதில் தெரிந்துகொண்டாய், மறந்துவிட்டாய். பைக்கில் திரும்பி வரும்போது குளிர்கிறதா என்று கேட்டாய், இல்லை என்றேன்.

இப்போது நிதானமாக யோசித்துப் பார். அந்த லில்லியை வரைந்தவர் விண்மீனைப் பார்த்து வரைந்தாரா, அரசர் முகத்தைப் பார்த்து வரைந்தாரா? செங்கோலை வைத்தவர் யாருக்காக வைத்தார்? நீ தாரா என்ற பெயரைக் காதலோடுதான் தேர்ந்தெடுத்திருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பூனைக்காரரும் பிரியத்தோடுதான் செய்தார். பிரியம் அவருடையது, பூனையும் அவருடையது, எழுதப்பட்ட இடம் மட்டும் வேறு யாருடையதோ. விண்மீன் அங்கேயேதான் இருக்கிறது என்றாயே, ஆமாம், இருக்கும். அதற்கு வங்கியில் கையெழுத்துப் போட வேண்டிய வேலை இல்லை. பஸ் ஸ்டாப்பில் பள்ளித் தோழி பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்தில் மாமியார் இருக்கிறாள் என்று திரும்பாமல் நிற்க வேண்டியதில்லை. நம் பழைய நிகண்டுகளில் பரணிக்கு அடுப்பு என்று ஒரு பெயர் இருக்கிறது. முக்கோணமாக மூன்று கல், அதனால் அடுப்பு. யாரோ அண்ணாந்து பார்த்து, அங்கே தெரிந்ததைச் சொன்ன பெயர் அது. யாரையும் குளிர்விக்க வைத்ததல்ல. இது நான் வேலை பார்க்கும் பள்ளி நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டே படித்துத் தெரிந்துகொண்டது. உன் குழுவில் அடுத்த முறை இதையும் சொல்.

என் கல்யாணத்தைப் பற்றி நான் உன்னிடம் பேசியதே இல்லை. பேசியிருக்க வேண்டும். குடியாத்தத்தில் என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பரணியில் பிறந்தேன் என்று பரணி என்றே வைத்தார். பதினெட்டு வயதில், பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மூன்றாம் மாதம், கல்யாணம் செய்துகொள்ள இந்த மராத்தி ஊருக்கு வந்தேன். தட்டில் அரிசி வந்தபோது ஆரத்தி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்தேன். எங்கள் பக்கம் இப்படி ஒரு சடங்கே கிடையாது. உன் புஷ்பா அத்தை என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "எமன் நட்சத்திரத்தப் பேரா வெச்சிகினு எங்க வூட்டுக்குள்ள வரக் கூடாதும்மா, அதான்" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, புடவைத் தலைப்பைச் சரிசெய்துவிடுகிற மாதிரிச் சொன்னாள். என் அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். உன் அப்பா மராத்தி எழுத்து ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டு, அரிசியைத் தடவிச் சமன்செய்து மறுபடி எழுதினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு போட்டோவில் இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக உன் அத்தை வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டி, பார், எவ்வளவு சந்தோஷம் என்கிறாள். அந்தப் பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. ரேஷன் கார்டில் இருக்கிறது, உன் பள்ளிச் சான்றிதழில் அம்மா என்ற கட்டத்தில் இருக்கிறது. அது போதும்.

உன் அப்பா நல்ல மனிதர். அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. அரிசியில் எழுதினாரே ஒழிய, அந்தப் பெயரால் என்னை அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இந்தா, தோ பாரு, இவ்வளவுதான். அது அவருக்குள் ஒரு கூச்சமாக இருக்கும் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டு ஒன்பது வருடம் வாழ்ந்தேன். அவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது ஒரு மத்தியானம், கஞ்சி ஆறட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "உன் பழைய பேரு இன்னாமோ சொல்லுவாங்களே, இன்னா அது?" என்று கேட்டார். கேலியில்லை. உண்மையாகவே மறந்துபோயிருந்தார். சொன்னேன். "நல்லாத்தான் கீது" என்றார். இரண்டு வாரத்தில் போய்விட்டார். அவர் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் இருக்கிறது என்பதை இப்போது எழுதும்போதுதான் கண்டுபிடிக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் தபால் வழியில் பட்டம் படிக்கலாம் என்று உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு விண்ணப்பம் கொடுக்கப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் பரணி யார் என்று மராத்தியில் கேட்டார். நான் சொல்லத் தொடங்குவதற்குள், நீ கவுன்டரில் தாடையை வைத்துக்கொண்டு, சுத்தமான மராத்தியில், அது எங்க மம்மி இல்லை என்றாய். எங்க மம்மி பேர் இது என்று அந்த இன்னொரு பெயரைத் தெளிவாகச் சொன்னாய். எனக்கு உதவி செய்கிறோம் என்று உன் நினைப்பு. கெட்டிக்காரப் பையன் என்று அவர் உன்னைப் பாராட்டி, விண்ணப்பத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் நான்தான் என்று நிரூபிக்க அஃபிடவிட், கெஸட் அறிவிப்பு, சாட்சிக் கையெழுத்து என்று இரண்டு வருடம் அலைந்தேன். அன்று வீட்டுக்கு வந்து, பரணி என்பது நான்தான் என்று உனக்குச் சொன்னேன். "அப்போ அந்த இன்னொரு மம்மி யாரு?" என்று கேட்டாய். அதெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிடு என்றேன். நான் உனக்குச் செய்த தவறுகளில் அது பெரியது. ஒன்பது வயதுப் பிள்ளை சரியான கேள்வி கேட்டான். நான் அவன் தட்டில் சோற்றைப் போட்டு மூடிவிட்டேன்.

எந்த வீட்டுக்காக எனக்கு அந்தப் பெயரை வைத்தார்களோ அந்த வீடு இன்று இல்லை. உன் தாத்தாவும் பாட்டியும் இல்லை, அப்பா இல்லை, போபோடியில் நாம் இருந்த அந்த ஒற்றை அறை வேறு யாருடையதாகவோ ஆகிவிட்டது. உன் லில்லியை எல்லா வரைபடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள், அதன் வடக்கு விண்மீனைப் போல நான் மட்டும் இங்கே அந்தப் பெயரோடு நின்றுகொண்டிருக்கிறேன். கேஸ் புக் பண்ணினால் அந்தப் பெயரில் எஸ்எம்எஸ் வருகிறது. இதைத்தான் நீ வெறும் பத்து நிமிஷம் என்கிறாய்.

வழக்கம் என்று சொல்லாதே. யாருடைய வழக்கம்? உன் தாத்தா கட்கி ஃபேக்டரி வேலைக்கு வந்து போபோடிச் சந்தில் குடியேறியபோது, மதராசி என்று சொல்லிக் குழாயடியில் உன் பாட்டியின் குடத்தைத் தள்ளிவைப்பார்களாம். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் ஒருத்திதான் இவர்களோடு பேசினாள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் இந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, நாமும் செய்தால் நம்மையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஆரம்பித்தது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் போன மே மாதம் அதே அம்மாளின் பேரன் கல்யாணத்துக்கு நீயும்தானே வந்தாய்? தட்டு வந்தது, அவன் மோதிரத்தை எடுத்தான், மணப்பெண்ணின் சொந்தப் பெயரையே எழுதினான். இப்போதெல்லாம் யார் மாற்றுகிறார்கள் என்று அவன் அம்மா என்னிடம் சிரித்தாள். நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அழித்துவிட்டார்கள். நாம் மட்டும் அவர்கள் அழித்ததைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதற்குக் குலவழக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நீ அப்போது மாங்காய் பன்ஹா மூன்று டம்ளர் குடித்துக்கொண்டிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய்.

இதையெல்லாம் உன் புஷ்பா அத்தையிடமும் சொன்னேன். "எனுக்கும்தான் மாத்துனாங்க. நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றாள். அவள் பிறந்தபோது வைத்த பெயர் பச்சையம்மாள், உனக்குத் தெரியுமா? நம் குடும்பத்தில் முதலில் மாற்றப்பட்டது அவள்தான். அவள் வாக்கப்பட்டுப் போன வீட்டுக்காரர்களும் நம் பக்கத்து ஆட்கள்தான், அவர்களும் இதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது, யாரும் அவளைக் கேட்கவில்லை. இன்று பச்சையம்மா என்று கூப்பிட ஒருவரும் மிச்சமில்லை. அவள் மேல் எனக்கு வருகிற கோபம் பாதியில் நின்றுவிடுகிறது. உன் மேல் வருவது நிற்பதில்லை, ஏனென்றால் உன்னிடம் ஒருத்தி வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

கடைசியாக, நான் செய்த அசிங்கம் ஒன்று. இரண்டு மாதத்துக்கு முன் அஞ்சலை என்னைப் பார்க்கப் பள்ளி நூலகத்துக்கு வந்தாள். பிம்ப்ரியில் மருந்து ஃபேக்டரி லேபில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டாள், "அத்தை, உங்களுக்குக் கஷ்டமா இல்லியா?" எதைக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. இருபத்தைந்து வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. "பழகிடும்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த பழத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். என் அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அதையே நானும் செய்தேன்.

நேற்று மெட்ரோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா ஷிஃப்டில் இருந்தார். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், நான் அன்று சொன்னது பொய், பழகவில்லை என்று. அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும் அத்தை. நீங்க சொல்லும்போதே தெரியும்" என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், "தட்டு உண்டுன்னா தாலிக்கே உக்கார மாட்டேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல." குரல் உயரவில்லை. இதை உன்னிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க. மிரட்டுறேன்னு நெனைக்க வேணாம்னும் சொல்லுங்க. அவருக்கு நான் ரெண்டு வாட்டி சொன்னது கேக்கல, அவ்ளோதான்."

ஆக, உன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இப்போது உன் கையில் இருக்கிறது. அது உனக்கே தெரியாமல் நீ பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தாய். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், இருபத்துநாலு வயதுக்காரனுக்கு அதைக்கூடச் சொல்ல வேண்டுமென்றால் கல்யாணமே வேண்டாம். நான் என்ன செய்வேன் என்பதை மட்டும் சொல்கிறேன். தட்டை எடுத்துவர வேண்டியவள் மாப்பிள்ளையின் அம்மா. நான் எடுக்க மாட்டேன். உன் அத்தை எடுத்துவந்து, அந்தப் பெண் மணையில் உட்காராமல் நின்றால், அவள் அப்பா அந்த இடத்திலேயே இடிந்துபோய்விடுவார். அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டியிருக்கும். அது நானாக இருப்பேன். உன் பக்கத்து வரிசையில் அன்று என்னைத் தேடாதே.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம், போன் பண்ணவும் வேண்டாம். அவளுக்கு நாளை முதல் ஷிஃப்ட், மூன்று மணிக்கு வெளியே வருவாள். ஃபேக்டரி கேட்டுக்குப் போய் நில்.

அம்மா